லெவியில் ஸ்கீ விடுமுறை: ஓட்டல் அறையா, அபார்ட்மென்டா?

கேள்வி: பின்லாந்தில் எஸ்போவில் இருக்கிறோம். பிப்ரவரியில் பிள்ளைகளுக்கு ஸ்கீ விடுமுறை. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வந்திருக்கிறார்கள். எல்லோருமாக லாப்லாந்தில் லெவிக்குப் போகலாம் என்று இருக்கிறோம். பெரியவர்கள் ஸ்கீ பக்கம் வரமாட்டார்கள், சுத்த சைவம். ஓட்டல் அறை எடுப்பதா, அபார்ட்மென்டா?

பதில்: அபார்ட்மென்ட். அதுவும் ஓர் ஓட்டலோடு சேர்ந்ததாக, ஊர்ப் பக்கம் இருக்கும் முன்பக்க ஸ்கீ சரிவுகளுக்கு நடந்தே போகிற தூரத்தில் கிடைத்தால் விடாதீர்கள். காலைச் சாப்பாட்டை ஓட்டலில் காசு கொடுத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம். மற்ற வேளைக்குச் சமையலறை உங்கள் கையில்.

ஓட்டலின் நட்சத்திரக் கணக்கைவிட நான் முதலில் பார்ப்பது துணி உலர்த்தும் அலமாரி இருக்கிறதா என்பதைத்தான். சரிவில் விழுந்து எழுந்து வரும் ஒரு பிள்ளையிடம் கையுறை, தொப்பி, ஜாக்கெட், பேன்ட், காலுறை என்று அத்தனையும் ஈரமாக இருக்கும். மறுநாள் காலைக்குள் அவை காய்ந்தாக வேண்டும். ஈரக் கையுறையோடு மைனஸ் 15-ல் நின்றால் பத்தாவது நிமிடம் அழுகைதான். இந்த அலமாரி ஆளுயரம் இருக்கும், உள்ளே கம்பிகள், வெளியே நேரம் வைக்கும் திருகு. கையுறையின் வாய் கீழே பார்க்கும்படி மாட்டினால் சூடான காற்று உள்ளே ஏறி விரல் நுனிவரை காயும். ஜாக்கெட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகத் திணித்தால் ராத்திரி முழுக்க ஓடினாலும் ஈரம் போகாது. சாதாரண ஓட்டல் அறையில் பெரும்பாலும் குளியலறை ரேடியேட்டர்தான் கதி. ஆறு பேரின் துணிக்கு அது எந்த மூலைக்கு?

ஸ்கீ பூட்ஸுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டலின் ஸ்கீ அறை சூடாக்கப்படாத அறையா என்று கேளுங்கள். குளிரில் கிடந்த பூட்ஸின் பிளாஸ்டிக் விறைத்துப்போகும். காலையில் காலை நுழைக்கவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஸ்கீ அங்கே இருக்கட்டும், பூட்ஸ் மேலே வரட்டும்.

பல அபார்ட்மென்ட்களில் சொந்த சவுனா, அதாவது சூடான நீராவிக் குளியல் அறை, உண்டு. இது உங்கள் பெற்றோருக்கு நல்லது. ஓட்டலின் பொது சவுனாவில் ஆண்களும் பெண்களும் தனித்தனிதான் என்றாலும், உள்ளே நீச்சல் உடைகூட இல்லாமல் போவதுதான் அங்கே வழக்கம். புதிதாக வந்தவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். சொந்த சவுனாவில் அந்தப் பிரச்சினை இல்லை. கீழ்ப் படியில் ஐந்து, பத்து நிமிடம் போதும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். சூட்டிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன்: சவுனா சும்மாதானே இருக்கிறது என்று அடுப்புக்கு மேலே ஈரத் துணியைக் காயப்போடாதீர்கள். யாரோ தெரியாமல் திருகைத் திருப்பினால் போதும். பின்லாந்தில் சவுனாத் தீவிபத்துகளுக்கு இது பழைய காரணம்.

அடுத்து சாப்பாடு. காலை பஃபேயில் ஓட்ஸ் கஞ்சி, ரை ரொட்டி, பழம், தயிர், சீஸ் எல்லாம் இருக்கும். கரேலியப் பை என்று ரை மாவு ஓட்டுக்குள் பால்சோறு வைத்துச் சுட்டது ஒன்று வரும். பெரியவர்களுக்கு அது பிடித்துப்போகும். மேலே தடவும் முட்டை வெண்ணெய் தனிக் கிண்ணத்தில் இருப்பதால் முட்டை சாப்பிடாதவர்கள் அதை விட்டுவிடலாம். உணவுக்குப் பக்கத்தில் இருக்கும் சீட்டில் ‘M’ என்று போட்டிருந்தால் பால் சேர்க்காதது, ‘L’ என்றால் லாக்டோஸ் (பால் சர்க்கரை) இல்லாதது. இரண்டுமே சைவத்துக்கான அடையாளம் அல்ல. புட்டிங், மிட்டாய் வகைகளில் ஜெலட்டின் இருக்கும், கவனம்.

இரவுச் சாப்பாடுதான் சிக்கல். உணவகங்களில் கலைமானும் மீனும்தான் பிரதானம். சைவத்துக்கு ஒன்றிரண்டு வகை கிடைத்தாலும் ஒரு வாரத்துக்கு அதையே சாப்பிட அப்பாவுக்குப் பொறுமை இருக்காது. குக்கர் கொண்டுபோகிறீர்கள் என்றால் அடுப்பு இண்டக்‌ஷனா என்று கேட்டுவிடுங்கள். நம் அலுமினிய குக்கர் அதில் வேலை செய்யாது. தாளிக்கும் முன் புகைபோக்கியை முழு வேகத்தில் போடுங்கள். மிளகாய் கருகிய புகைக்கு அலாரம் அலறும். ஓட்டலோடு இணைந்த கட்டடத்தில் தீயணைப்பு வண்டியே வந்து நிற்கலாம், அந்தச் செலவும் உங்கள் தலையில் விழலாம்.

இடம் பார்க்கும்போது ஊர் நடுவிலேயே இருங்கள். கடை, உணவகம், பிள்ளைகள் பழகும் சரிவு எல்லாம் அங்கே கிட்டத்தில். காட்டுக்குள் இருக்கும் மரவீடு படத்தில் அழகுதான். ஆனால் அப்பா அம்மா நாள் முழுக்க உள்ளேயே அடைந்து கிடப்பார்கள். நடுவில் இருந்தால் நடந்து வந்து பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகலாம். உறைந்த பாதைக்கு ஷூவின் அடியில் மாட்டும் முள் பட்டை வாங்கிக்கொடுங்கள். உதைத்துத் தள்ளும் சறுக்கு வண்டி வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் நல்லது, பிடித்துக்கொண்டு நடக்கலாம். நடுவில் இருப்பதன் விலை இரைச்சல். விடுமுறை வாரங்களில் பாட்டும் கூத்தும் நள்ளிரவு தாண்டும், எனவே பார் பக்கம் பார்க்காத அறையாகக் கேளுங்கள்.

அவர்களுக்காக விலை உயர்ந்த குளிர் ஜாக்கெட் வாங்க வேண்டாம். கலைமான் சறுக்குவண்டி, ஹஸ்கி நாய்கள் இழுக்கும் வண்டிச் சவாரி நடத்துகிறவர்கள் பொதுவாக மேலங்கியும் பூட்ஸும் அவர்களே தருவார்கள். உள்ளே போட கம்பளி உள்ளாடை மட்டும் நல்லதாக வாங்குங்கள். பருத்தி வியர்வையைப் பிடித்துவைத்துக் குளிரவைக்கும். மைனஸ் 30 வந்தாலும் பயப்பட வேண்டாம். காற்றில்லாத கடுங்குளிர் நாளில் கனமான குளிர்காற்று பள்ளத்தில் தேங்கிவிடும். 531 மீட்டர் உயர லெவி மலையுச்சியில் ஊரைவிடக் குளிர் குறைவாக இருப்பதும் உண்டு. காற்று வீசும் நாளில் நிலைமை தலைகீழ். இருட்டைப் பற்றிக் கவலை வேண்டாம்: சூரியன் எழாத காலம் டிசம்பரில் தொடங்கி ஜனவரித் தொடக்கத்தில் முடிந்துவிடும், பிப்ரவரி நடுவில் சுமார் எட்டு மணி நேரம் பகல் இருக்கும்.

போக்குவரத்துக்கு கித்திலா விமான நிலையம் 15 கிலோமீட்டர்தான். பெரியவர்களுக்கு என் ஓட்டு இரவு ரயிலுக்கு: கொலாரி ரயில் நிலையம் வரை படுத்துக்கொண்டே போகலாம், காரையும் ஏற்றிவிடலாம், அங்கிருந்து லெவிக்கு சுமார் 80 கிலோமீட்டர்.

ஸ்கீ விடுமுறை உங்கள் பகுதிப் பள்ளிகளுக்கு ஆண்டின் 8-வது வாரம், 9-வதும் 10-வதும் மற்ற பகுதிகளுக்கு. மூன்றுமே விலை உச்சத்தில் இருக்கும் வாரங்கள், பெரும்பாலும் முழு வாரமாகத்தான் தருவார்கள். பணம் கட்டும் முன் படுக்கை விரிப்பும் கடைசிநாள் சுத்தம் செய்வதும் வாடகையில் சேர்த்தியா என்று பாருங்கள். பல அபார்ட்மென்ட்களில் இரண்டும் தனிக் காசு. ரயிலில் போகிறவர் ஆறு பேருக்கு விரிப்பு சுமக்க முடியாது, வாடகைக்கே சொல்லிவிடுங்கள். பெற்றோரின் பயணக் காப்பீட்டில் சறுக்குவண்டி, ஹஸ்கி சவாரி போன்றவற்றுக்கு விலக்கு இருக்கிறதா என்பதையும் அதே நாளில் படித்துவிடுங்கள்.