சில நாடுகளில் மட்டும் சின்னக் கார்கள் ஏன் இவ்வளவு குறைவு?

ஜப்பானில் தீப்பெட்டி மாதிரி கார்கள் தெருத்தெருவாக ஓடுகின்றன, அமெரிக்காவில் ஒருவர் அலுவலகம் போய்வரவே பிக்கப் வண்டி வைத்திருக்கிறார், இது ஏன் நாட்டுக்கு நாடு இப்படி மாறுகிறது என்பது கேள்வி. சட்டென்று எல்லோர் வாயிலும் வரும் பதில், "அங்கே சாலை அகலம், பெட்ரோல் மலிவு, ஆட்களும் வாட்டசாட்டம்" என்பது. நானும் ரொம்ப நாள் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். இதில் பொய் இல்லை. ஆனால் அதே அகலச் சாலையில், அதே வாட்டசாட்டமான அமெரிக்கர்கள் 1960களில் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வாங்கினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஜப்பானியக் குட்டிக் கார்களையும் வாங்கித் தள்ளினார்கள். அப்புறம் எங்கே போயிற்று அந்த ஆசை? வாங்குகிறவரின் ஆசையைவிட, அந்த நாட்டுச் சட்டத்தில் "இதுவரை சின்ன வண்டி, இதற்கு மேல் பெரிய வண்டி" என்று எங்கே கோடு போட்டிருக்கிறார்கள் என்பதுதான் காரின் அளவைத் தீர்மானிக்கிறது. இதுதான் என் கட்சி.

ஜப்பானிலிருந்தே தொடங்கலாம். அங்கே 'கேய்' என்று ஒரு தனி ரகம் சட்டத்திலேயே இருக்கிறது. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், இன்ஜின் 660 சிசி. இதற்குள் அடங்கினால் மஞ்சள் நம்பர் பிளேட், குறைந்த வரி. போருக்குப் பிந்தைய வறுமையில் 1949இல் உண்டாக்கிய ரகம் இது. இன்ஜின் வரம்பு 360 சிசியில் இருந்து 1976இல் 550 ஆகி, 1990இல் 660க்கு வந்தது. இப்போதைய நீள அகலம் 1998இல் வந்தது. ஆண்டு வரியைப் பாருங்கள்: கேய் காருக்கு 10,800 யென், ஒரு லிட்டர் இன்ஜின் உள்ள சாதாரணக் காருக்கே 25,000 யென், இரண்டு லிட்டரைத் தாண்டினால் 43,500. இதைவிடப் பெரிய விஷயம் பார்க்கிங். சாதாரணக் காரைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் அதை நிறுத்த இடம் இருக்கிறது என்று காவல் நிலையத்தில் சான்றிதழ் வாங்க வேண்டும், 1962இல் வந்த சட்டம். கேய் காருக்குக் கிராமப்புறங்கள் பலவற்றில் இது தேவையே இல்லை, நகரங்களில் வாங்கிய பிறகு தகவல் கொடுத்தால் போதும்.

டோக்கியோ சந்துகள் குறுகலானவை, அதனால்தான் சின்னக் கார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் வீட்டுக்கு வீடு கேய் கார் இருப்பது நாட்டுப்புறத்தில்தான். ரயில் அரிதான இடங்களில் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் ஒரு வண்டி வேண்டும், அதில் இரண்டாவது மூன்றாவது வண்டி மலிவாக இருந்தால்தான் கட்டுப்படியாகும். டோக்கியோக்காரர்களில் நிறைய பேர் காரே வைத்துக்கொள்வதில்லை. இன்னொரு வேடிக்கை: சட்டம் நீளத்தையும் அகலத்தையும் இறுக்கிப் பிடித்தது, உயரத்தை மட்டும் 2 மீட்டர் வரை தாராளமாக விட்டது. விளைவு, ஹோண்டா என்-பாக்ஸ் மாதிரி நிமிர்த்தி வைத்த பெட்டிகள். உள்ளே உட்கார்ந்தால் தலைக்கு மேலே இன்னும் ஒரு தலைக்கு இடம் இருக்கும். ஜப்பானில் விற்கும் புதுக் கார்களில் மூன்றில் ஒன்றுக்கு மேல் கேய் ரகம்தான்.

சரி, அமெரிக்கா. இங்கேதான் கதை நீளம்.

எண்ணெய் நெருக்கடியில் சூடுபட்ட பிறகு 1975இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் இவ்வளவுக்குக் குறையக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் விவசாயிக்கும் கொத்தனாருக்கும் பிக்கப் வேண்டுமே, அவர்களை எப்படிச் சிரமப்படுத்துவது என்று 'இலகு டிரக்' என ஒரு பிரிவை ஒதுக்கி, அதற்குத் தனியாகத் தளர்வான இலக்கு கொடுத்தார்கள். 1990களில் காருக்கான இலக்கு லிட்டருக்குச் சுமார் 11.7 கிலோமீட்டர், டிரக்குக்குச் சுமார் 8.8. இப்போது ஒரு கார் நிறுவனத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். குடும்பத்துக்கான காரைக் கொஞ்சம் உயர்த்தி, பின்சீட்டைக் கழற்றிச் சமதளமாக்கும்படி செய்துவிட்டால் அது சட்டப்படி டிரக் ஆகிவிடும். கிரைஸ்லர் பிடி குரூசர் என்ற சாதுவான ஹேட்ச்பேக் இப்படித்தான் டிரக் கணக்கில் போனது. சுபாரு 2004இல் தன் அவுட்பேக் காரை டிரக் வரையறைக்குள் வரும்படி தரையிலிருந்து சற்றுத் தூக்கி வடிவமைத்தது. எஸ்.யு.வி. என்ற ரகம் வளர்ந்ததில் மக்களின் ரசனைக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த ரசனைக்கு உரம் போட்டு வளர்த்தது இந்த ஓட்டை.

இதோடு கோழிக் கதை ஒன்றும் சேரும். 1960களின் தொடக்கத்தில் பிரான்சும் மேற்கு ஜெர்மனியும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரி போட்டன. பதிலுக்கு அமெரிக்கா வெளிநாட்டுப் பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் என்ற பசைப்பொருள், சின்ன டிரக் ஆகியவற்றுக்கு 1964இல் 25 சதவீத வரி போட்டது. மற்றவை காலப்போக்கில் நீங்கின, டிரக் வரி மட்டும் இன்றுவரை நிற்கிறது. சாதாரணக் காருக்கு அப்போது இவ்வளவு வரி இல்லை. ஆக, கார் விற்பனையில் ஜப்பானியரும் ஜெர்மானியரும் போட்டிக்கு வந்து லாபத்தைக் கரைத்தார்கள், பிக்கப்பில் மட்டும் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரக் கார் நிறுவனங்கள் மதிலுக்குள் நிம்மதியாக இருந்தன. எங்கே லாபமோ அங்கேதான் விளம்பரமும் புது மாடலும் போகும். தொழில் செய்கிறவர்கள் 6,000 பவுண்டுக்கு (சுமார் 2,700 கிலோ) மேல் மொத்த எடை உள்ள வண்டி வாங்கினால் வருமான வரிக் கழிவிலும் கூடுதல் சலுகை. சின்னக் கார் வாங்கும் பிளம்பருக்கு அது கிடையாது.

பிற்பாடு விதியைத் திருத்தினார்கள். திருத்தியது இன்னும் விசித்திரம். 2011 மாடல் கார்களில் இருந்து, நான்கு சக்கரங்களுக்கு நடுவே எவ்வளவு பரப்பு என்று கணக்கிட்டு, பரப்பு அதிகமானால் மைலேஜ் இலக்கு எளிது என்று வைத்தார்கள். பெரிய வண்டி செய்பவரை அநியாயமாகத் தண்டிக்கக் கூடாது என்பது காரணம். நடந்தது என்னவென்றால், ஏற்கெனவே நல்ல மைலேஜ் தரும் சின்னக் காருக்கே இருப்பதிலேயே கடினமான பரீட்சை. அதைச் செய்து லாபமும் இல்லை என்னும்போது யார் மெனக்கெடுவார்கள்? ஃபோர்டு 2018இல் வட அமெரிக்காவில் மஸ்டாங் தவிர கிட்டத்தட்ட எல்லாக் கார்களையும் நிறுத்தப் போவதாக அறிவித்தது. டொயோட்டா யாரிஸ், ஹோண்டா ஃபிட், செவ்ரோலே ஸ்பார்க் என்று ஒவ்வொன்றாக அந்தச் சந்தையை விட்டுப் போயின. இப்போது அங்கே விற்கும் புது வண்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு எஸ்.யு.வி., பிக்கப், வேன் ரகங்கள்தான்.

பெட்ரோல் விலையையும் விட்டுவிட முடியாது. அமெரிக்க மத்திய அரசின் பெட்ரோல் வரி காலனுக்கு 18.4 சென்ட், அதாவது லிட்டருக்கு 5 சென்ட்டுக்கும் குறைவு, 1993க்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடுகள் குறைந்தபட்சம் போட்டாக வேண்டிய வரியே லிட்டருக்கு 35.9 யூரோ சென்ட். அமெரிக்க மாநில வரிகளைச் சேர்த்தாலும் பக்கத்தில் வராது.

விலை விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. காரைச் சின்னதாகச் செய்தால் செலவு அதே விகிதத்தில் குறையாது. இரும்பு குறையும், அவ்வளவுதான். இன்ஜின், கியர்பாக்ஸ், ஏர்பேக், ஸ்டீயரிங், விளக்கு, மோதல் சோதனை, தொழிற்சாலைக் கூலி எல்லாம் கிட்டத்தட்ட அதேதான். வாங்குகிறவரோ "அளவு பாதி, அப்போ விலையும் பாதி" என்று எதிர்பார்ப்பார். இதனால் சின்னக் காரில் லாபம் நூலிழை. பழைய கார் சந்தை நன்றாக இருக்கும் நாட்டில் இன்னும் மோசம், புதுச் சின்னக் காரின் விலைக்கு நாலு வருடம் ஓடிய பெரிய கார் கிடைத்துவிடும்.

இதே கணக்கு சிங்கப்பூரில் வேறு மாதிரி வேலை செய்கிறது. குட்டி நாடு, நெரிசல், அருமையான ரயில், அப்போ தீப்பெட்டிக் கார்தானே நிறைய இருக்க வேண்டும்? கிடையாது. 1990 முதல் அங்கே கார் வைத்திருக்க ஏலத்தில் ஓர் உரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும், பத்து வருடத்துக்குச் செல்லும். அதன் விலை பல நேரம் காரின் இறக்குமதி விலையைவிட அதிகம். 1000 சிசி ஆனாலும் 1600 சிசி ஆனாலும் ஒரே பிரிவுதான். காருக்கு வெளியே அவ்வளவு கொட்டிக் கொடுத்தவர், காரில் போய் மிச்சம் பிடிப்பாரா? பெய்ஜிங்கிலும் 2011 முதல் நம்பர் பிளேட்டுக்குக் குலுக்கல். வருடக்கணக்கில் காத்திருந்து கிடைக்கும் ஒரே பிளேட்டை யாரும் குட்டிக் காரில் மாட்ட விரும்புவதில்லை. பல சீன நகரங்கள் ஒரு காலத்தில் சின்ன இன்ஜின் கார்களை முக்கியச் சாலைகளில் விடவே மாட்டேன் என்றன, நகரத்தின் தோற்றத்துக்கு இழுக்காம். 2006இல் மத்திய அரசு தலையிட்டுத்தான் அந்தத் தடைகளை எடுக்கச் சொன்னது. அதே சீனாவில்தான் 2020இல் 2.92 மீட்டர் நீளமே உள்ள வூலிங் ஹோங்குவாங் மினி மின்சாரக் கார் வந்து விற்பனையில் சக்கைப்போடு போட்டது. மக்கள் அதேதான், மாறியது விலையும் விதியும்.

கோடு எங்கே என்பது எவ்வளவு முக்கியம் என்று பார்க்க இந்தியாவைவிட நல்ல உதாரணம் இல்லை. 2006 பட்ஜெட்டில் இருந்து 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி, இதற்குள் இருந்தால் வரி குறைவு. உடனே பொறியாளர்கள் டேப்பைக் கையில் எடுத்துவிட்டார்கள். முதலில் 4.16 மீட்டர் இருந்த ஸ்விஃப்ட் டிசைர் 2012இல் டிக்கியை வெட்டிக்கொண்டு 3.995 மீட்டராக வந்தது, பின்பக்கம் யாரோ கதவிடுக்கில் வைத்து நசுக்கியது போல. பிரெஸ்ஸா, வென்யூ என்று கூட்டமாக வந்த சின்ன எஸ்.யு.வி.களையும் அளந்து பாருங்கள், எல்லாமே 3.99 மீட்டருக்கு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றியபோதும் கோடு மாறவில்லை: உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே 40. ஆக இந்தியாவில் எஸ்.யு.வி. மோகம் வந்தும் இந்தச் சின்ன ரக வண்டிகளின் நீளம் ஏறவில்லை, உயரம்தான் ஏறியது. பிரேசிலில் 1993இல் 1 லிட்டர் இன்ஜினுக்கு வரியைக் குறைத்தார்கள். அங்கே கோடு இன்ஜினில், நீளத்தில் இல்லை. அதனால் 1 லிட்டர் இன்ஜினை வைத்தே, அப்புறம் டர்போவும் மாட்டி, காரைப் பெரிதாக்கிக்கொண்டே போக முடிந்தது. தாய்லாந்தில் பிக்கப்புக்குக் கலால் வரி குறைவு, அங்கே சாலை முழுக்க பிக்கப்.

சின்னக் காரின் தாய்வீடு ஐரோப்பாதான் என்போம். 1957 ஃபியட் 500, 1959 மினி எல்லாம் மூன்று மீட்டரை ஒட்டியவை. அங்கேயே இப்போது அந்த ரகம் தேய்கிறது. ஃபோர்டு ஃபியஸ்டா 2023 ஜூலையில் நின்றது, ஃபோக்ஸ்வாகனின் 'அப்' என்ற குட்டிக் காரும் அதே வருடம். அங்கே கரியமில வாயு இலக்கைக் கணக்கிடும்போது 2024 வரை கனமான கார் செய்யும் நிறுவனத்துக்குக் கொஞ்சம் தளர்வு இருந்தது. 2022 முதல் புதிதாக வரும் மாடல்களில் தானாகப் பிரேக் போடும் கருவி மாதிரியானவை கட்டாயம். விலையுயர்ந்த காரில் இந்தச் செலவு கரைந்துவிடும், 'அப்' மாதிரி காரில் உறுத்தும். மறுபக்கம், பாரிஸ் 2024 அக்டோபரில் கனமான வண்டிகளுக்குப் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கியது, நகர மையத்தில் வெளியூர்க்காரருக்கு மணிக்கு 18 யூரோ.

பயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது வரிக் கணக்கில் வராது. சின்ன ஹேட்ச்பேக்கில் போகும்போது பின்னால் ஒரு பிக்கப் ஒட்டிக்கொண்டு வந்தால் அதன் ஹெட்லைட் நேராக உங்கள் கண்ணாடிக்குள் இறங்கும், அதன் பானெட் உங்கள் தலை உயரத்தில் இருக்கும். இரண்டும் மோதினால் எது நசுங்கும் என்று இயற்பியல் படித்திருக்க வேண்டியதில்லை. எனக்கே ஓரிரு முறை, அடுத்தது பெரிய வண்டியாகப் பார்க்கலாமா என்று தோன்றியிருக்கிறது, இவ்வளவு பேசுகிற எனக்கே. பக்கத்தில் இருப்பவர்கள் பெரிதாக்க ஆக்க நாமும் பெரிதாக்குவோம், கல்யாண வீட்டில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தால் பின்வரிசை முழுக்க எழுந்து நிற்பது மாதிரி. அமெரிக்காவில் 2023இல் வந்த ஓர் ஆய்வு, பானெட் சுமார் ஒரு மீட்டர் உயரத்தைத் தாண்டும் வண்டி பாதசாரிமேல் மோதினால் மரணம் நேரும் வாய்ப்பு, தாழ்ந்த பானெட் வண்டியைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம் என்றது. அதை வாங்குகிறவர் அந்தச் செலவைக் கட்டுவதில்லை.

இனி சின்னக் கார் திரும்பி வருமா என்றால், ஐரோப்பிய ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லையன் 2025 செப்டம்பரில் ஐரோப்பாவுக்கென்று சின்ன, மலிவான மின்சாரக் கார் திட்டம் ஒன்றை அறிவித்தார். அதில் நான் முதலில் தேடுவது நீள வரம்பைத்தான். அது என்னவாக இருந்தாலும், அதற்கு அரை சென்டிமீட்டர் குறைவாக ஒரு கார் எங்கோ வரைபலகையில் தயாராகிக்கொண்டிருக்கும்.