உங்கள் தந்தையின் வலிக்கும், ஊரில் ஒரு குழு தொடங்குவதற்கும்

புற்றுநோய் முற்றிய தந்தையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபின் மருந்துக்காக வெகுதூரம் அலைகிறோம், ஊரார் சேர்ந்து ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிச்சயமாக முடியும், ஐயா.

முதலில் அவருடைய வலியைக் கவனியுங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து ஆதரவுச் சிகிச்சை (நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியையும் வேதனையையும் தணிக்கும் கவனிப்பு) அளிக்க ஏற்பாடு இருப்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றே அவர் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

மார்ஃபினைப் பொறுத்தவரை, போதைப்பொருள் சட்டத்தில் 2014ஆம் ஆண்டு செய்த திருத்தத்துக்குப் பிறகு மருத்துவமனைகள் பல துறைகளிடம் தனித்தனி உரிமம் கேட்டு அலைய வேண்டியதில்லை; மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் போதும். ஆகவே, பொதுவாகக் குறை கூறி மனு எழுதாமல், உங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனை அந்த அங்கீகாரத்தோடு மார்ஃபின் மாத்திரையை எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, ஆட்சியரிடம் நேரில் கொடுங்கள்.

இனி ஊர்க் குழுவைப் பற்றி: கோழிக்கோட்டில் 1993இல் சிறு சங்கமாகத் தொடங்கிய ஆதரவுச் சிகிச்சை முயற்சி, ஊர்தோறும் தன்னார்வலர்கள் கைகோத்ததால்தான், 2008இல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. என் தாயாரின் கடைசி வாரங்களில், காய்ந்த உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றவும், படுக்கைப் புண் வராமல் பக்கம் மாற்றிப் படுக்கவைக்கவும் எனக்குக் கற்றுத்தந்தவர் பக்கத்துத் தெருத் தையற்காரம்மாதான். அப்படிப்பட்ட நான்கு பேரை முதலில் தேடுங்கள்.