பெடல் தானாக இறங்குகிறது என்று கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ராயபுரத்திலிருந்து டொராண்டோவுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது, வாங்கிய பழைய காரில் சிக்னலில் பிரேக்கை மிதித்து நிற்கும்போது பெடல் மெல்லத் தரைவரை இறங்கிவிடுகிறது, பட்டறையில் மாஸ்டர் சிலிண்டரை (பெடல் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் பாகம்) மாற்ற வேண்டும் என்கிறார்கள், ஊராக இருந்தால் கல்மண்டபத்து மெக்கானிக்கிடம் விட்டிருப்பேன், இவர்களை நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் இப்போது விடுமுறையில் தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் இருப்பதால் பதில் தாமதமாகிவிட்டது. ஆனால் வெளிநாடு போவதற்கு முன் நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறை இரண்டு தெரு தள்ளி இன்னும் இருக்கிறது. நேற்று அங்கே போய்ப் பட்டறைக்கார அண்ணனிடம் உங்கள் வண்டியைப் பற்றிப் பேசிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த வண்டியை இனி ஓட்டாதீர்கள். பட்டறைக்குக் கொண்டுபோவதானாலும் இழுவை வண்டியில் ஏற்றியே அனுப்புங்கள். பிரேக் இரண்டு தனித்தனி ஆயில் சுற்றாகப் பிரிக்கப்பட்டிருப்பதால் ஒன்று போனாலும் மற்றொன்று ஓரளவு பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் பனியில் வழுக்கும் சாலையில் அந்த 'ஓரளவு' எதற்கும் உதவாது.

அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ஆயில் குறையுதா, குறையலையா?" என்பதுதான். நோயை இரண்டாகப் பிரிக்கும் கேள்வி அது. பிரேக் ஆயில் டப்பா வெளியிலிருந்தே மட்டம் தெரியும் பிளாஸ்டிக்கால் ஆனது. மட்டம் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு கோடு போட்டுவையுங்கள். பிறகு வண்டியை நிறுத்திய இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டு, சிக்னலில் நிற்பது போல மிதமாகப் பெடலை மிதித்து அரை நிமிடம் அப்படியே வைத்திருங்கள். பெடலை மிதித்தபடி என்ஜினைக் கிளப்பினால், அந்தக் கணத்தில் பெடல் சிறிது தாழ்வது பூஸ்டர் (மிதிக்கும் பலத்தைப் பெருக்கித் தரும் பாகம்) வேலை செய்வதன் அடையாளம், அதைக் கோளாறாக எண்ண வேண்டாம். அதன் பிறகும் பெடல் காலுக்கடியில் நழுவிக்கொண்டே போனால்தான் கோளாறு. ஓங்கி மிதித்துப் பார்த்துவிட்டு 'கெட்டியாகத்தானே இருக்கிறது' என்று முடிவு கட்டாதீர்கள். மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் தேய்ந்த ரப்பர் வளையம் பலத்த அழுத்தத்தில் விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், மெல்லிய அழுத்தத்தில்தான் விட்டுக்கொடுக்கும். இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால் பெடல் மேலே வந்து, பஞ்சு போல அமுங்கினால் அது வேறு கதை: குழாயில் காற்று இருக்கிறது.

கோட்டுக்குக் கீழே ஆயில் இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். சக்கரங்களின் உட்புறம், ரப்பர் ஹோஸ்கள், பின்னால் டிரம் பிரேக்கானால் வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் இடம் ஆகியவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது வண்டிக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய்களைத்தான். குளிர்காலத்தில் சாலையெங்கும் உப்பைக் கொட்டுகிறார்கள். காசிமேட்டில் மீன் ஏற்றும் வேன்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பலகை இடுக்கில் சொட்டிச் சொட்டி, மேலே பளபளக்கும் வேனுக்குக் கீழே இரும்பு அப்பளம் போல உதிரும். டொராண்டோவில் எல்லாக் காருமே அந்த மீன் வேன்தான்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் இரண்டாவது குளிர்காலத்தில் உங்களுடையதைப் போலவே பெடல் இறங்கியது. ஒரு பட்டறையில் அடியில் பார்க்காமலேயே மாஸ்டர் சிலிண்டரை மாற்றினார்கள், பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள், மூன்றாம் நாள் பெடல் மறுபடி இறங்கியது. வண்டிக்கு அடியில் அட்டையை விரித்து நானே படுத்துப் பார்த்தேன். பின்சக்கரத்துக்கு முன்னால், பிளாஸ்டிக் மூடிக்கு மேலே குழாய் வளையும் இடத்தில் துரு கொப்புளித்திருந்தது. மனைவி பெடலை மிதித்தபோது அந்தக் கொப்புளத்திலிருந்து ஊசிமுனை அளவில் ஆயில் பீய்ச்சியது. காலை எடுத்ததும் நின்றுவிட்டது. அழுத்தம் இருந்தால்தான் ஒழுகும் என்பதால், நிறுத்திவைத்த வண்டிக்குக் கீழே தரை காய்ந்தே கிடந்தது. அந்தக் குழாய்க்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் குழாய் போட்டேன், அது துருப்பிடிப்பதில்லை. துருவேறிய நட்டைச் சாதாரண ஸ்பேனரால் திருகினால் முனை மழுங்கிவிடும், பிரேக் குழாய்க்கென்றே இருக்கும் ஸ்பேனர் வேண்டும்.

ஆயில் கோட்டிலேயே நின்று, ஈரம் எங்கும் இல்லாமல், பெடல் மட்டும் இறங்குகிறதென்றால் உங்கள் பட்டறைக்காரர் சொல்வது பெரும்பாலும் சரி: மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பரைத் தாண்டி ஆயில் டப்பாவுக்குத் திரும்புகிறது. நம் ஊரில் இதற்கு ரப்பர்கள் அடங்கிய கிட் வாங்கி, சிலிண்டரின் உட்புறத்தைத் தேய்த்து, ரப்பரை மட்டும் மாற்றுவார்கள். அண்ணனே இப்போது அதைச் செய்வதில்லை; உட்சுவரில் கீறலோ குழியோ இருந்தால் புது ரப்பரும் சீக்கிரம் போய்விடும் என்கிறார். முழுச் சிலிண்டராகவே மாற்றுங்கள். அதை வண்டியில் பூட்டுவதற்கு முன் பட்டறை மேசையிலேயே ஆயில் ஊற்றிக் காற்றெடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் உள்ளே சிக்கிய காற்று எளிதில் வராது. ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டிகளில் சிலவற்றுக்குக் காற்றெடுக்கக் கணினிக் கருவியும் தேவைப்படும்.

பழைய சிலிண்டரை வைத்துக்கொண்டு ஆயில் மட்டும் மாற்றுவதானால், பெடல் தரைவரை போகாதபடி அதற்கு அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். வழக்கமாகப் போகாத ஆழத்துக்கு ரப்பர் போனால் அங்கே படிந்திருக்கும் துருவில் கிழிந்துவிடும். நன்றாக இருந்த சிலிண்டரை நான் அப்படிக் கெடுத்து அண்ணனிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். டப்பா மூடியில் டாட் 3 என்றோ டாட் 4 என்றோ எழுதியிருப்பதைத்தான் ஊற்ற வேண்டும். டாட் 5 சிலிக்கான் வகை, இவற்றோடு சேராது. மூடி திறந்து நாளான புட்டியும் வேண்டாம், காற்றின் ஈரத்தை அது குடித்திருக்கும். பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

நம்பலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அடியில் குழாய்களைப் பார்த்தீர்களா, ஆயில் குறைந்திருந்ததா என்று அவரிடம் கேளுங்கள். வண்டியை மேலே தூக்கி உங்களையும் கூப்பிட்டுக் காட்டினால் வேலையைக் கொடுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். அங்கே கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை, நாம்தான் கூச்சப்படுகிறோம். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்றிரவே கோட்டைப் போட்டு, பரிசோதனை முடிந்ததும் ஒரு படம், காலையில் ஒரு படம் அனுப்புங்கள். அண்ணனிடமும் காட்டுகிறேன்.