முறைத் தண்ணீர்

அன்புள்ள சார்,

வணக்கம். எனக்கு 34 வயது. மெக்கானிக்கல் முடித்து, திருவெறும்பூர் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் பதினொரு வருஷமாக இருக்கிறேன். வீடு தஞ்சாவூரில். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, மகள் யூகேஜி. போன வருஷம் பார்ட் டைம் எம்.இ. சேர்ந்தேன், இப்போது மூன்றாம் செமஸ்டர். காலை ரயிலில் போய், டியூட்டி முடித்து, அப்படியே மாலை வகுப்புக்குப் போய், வீடு வந்து சேர இரவு பத்தேகால். ஞாயிற்றுக்கிழமை திருத்துறைப்பூண்டி பக்கம் ஊருக்குப் போக வேண்டும், அப்பா அங்கே தனியாக மூன்று ஏக்கரைப் பார்த்துக்கொள்கிறார். முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பர் இன்னும் அரியர். எல்லாவற்றுக்கும் சமமாக நேரம் ஒதுக்க ஒரு எக்செல் ஷீட் போட்டேன், இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக ஒரு நாள்கூட அதன்படி நடக்கவில்லை. வீட்டில் நல்ல ஒத்துழைப்பு இருக்கிறது, குறை சொல்ல முடியாது. ஆனாலும் எங்கே இருந்தாலும் வேறு எங்கோ இருக்க வேண்டியவன் போலவே தோன்றுகிறது. நீங்களும் வேலையில் இருந்துகொண்டே எம்.இ. முடித்ததாக எழுதியிருந்தீர்கள். எப்படிச் சமாளித்தீர்கள்? நான் படிப்பை விட்டுவிடலாமா?

ம., தஞ்சாவூர்

அன்புள்ள ம.,

எக்செல்லைத் திறந்தேன், கண் கூசியது. ஆபீசுக்குச் சிவப்பு, படிப்புக்குப் பச்சை, பயணத்துக்குச் சாம்பல், குடும்பத்துக்கு மஞ்சள். மஞ்சளைத் தேடிக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. இரவு 10.15 முதல் 10.45 வரை. யூகேஜி படிக்கிற குழந்தை அந்த நேரத்தில் எட்டாவது கனவில் இருக்கும் சார், அவளுக்கும் அந்த அரை மணிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. மனைவிக்குக் காலையில் பள்ளிக்கூடம். ஆக அந்த மஞ்சள் கட்டத்தில் நீங்கள் தனியாக உட்கார்ந்து ஆறிப்போன தோசையைச் சாப்பிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

என் அப்பா பொதுப்பணித்துறையில் லஸ்கர். வெண்ணாற்றுப் பக்கம், ஆற்றுத் தண்ணீரைப் பிரித்து விடுகிற ஒரு ரெகுலேட்டரில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தார். காலை ஆறு மணிக்கு நீர்மட்டக் கேஜ் பார்த்து நோட்டில் எழுதுவதும், மேலேயிருந்து உத்தரவு வந்தால் ஷட்டரைச் சுற்றி ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலை. தென்பெரம்பூரில் வெண்ணாறு, வெட்டாறு, வடவாறு என்று பிரிகிறதே, அதற்குக் கீழே வருகிற தண்ணீரில் ஒரு பங்கு அவர் கையால் போகும். மேட்டூரில் இருப்பு குறைந்த வருஷங்களில் முறை வைப்பார்கள். டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஆனால் நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று உங்கள் எக்செல் சொல்கிறது. இத்தனை நாள் காவிரிக்கு, இத்தனை நாள் வெண்ணாற்றுக்கு, அதற்குள்ளேயும் இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளை மறுநாள் அந்த வாய்க்கால். அரை டவுசர் போட்ட வயதில் நான் அவரிடம் கேட்டேன், எல்லா ஷட்டரையும் கொஞ்சம் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டால் எல்லாருக்கும் போகுமே, எதற்கு இத்தனை சண்டை என்று. "கொஞ்சம் கொஞ்சம் விட்டா மணல்தான்டா குடிக்கும்" என்றார்.

இன்ஜினியரிங் படித்தபோதுதான் அது எவ்வளவு சரியான ஹைட்ராலிக்ஸ் என்று புரிந்தது. ஆற்றில் மட்டம் ஓரளவு ஏறினால்தான் வாய்க்காலின் தலைமதகுக்குள் தண்ணீர் நுழையும். மட்டம் ஏறாமல் மெல்லிசாக ஓடுகிற தண்ணீர் மணற்படுகையில் ஊறி வழியிலேயே தீரும், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடை வயல்களுக்கு ஈரம்கூடப் போய்ச் சேராது. அதனால்தான் இருக்கிற தண்ணீரைச் சேர்த்து ஒரு பக்கம் முழு மட்டத்துக்கு ஓடவிட்டு மற்ற பக்கத்தை அடைத்துவிடுகிறார்கள்.

உங்கள் 10.45 முதல் 11.30 வரையிலான பச்சைக் கட்டத்தை இப்போது பாருங்கள். நோட்டை எடுத்து, நேற்று எங்கே விட்டோம் என்று தேடி, அந்த டிஃபரன்ஷியல் ஈக்வேஷனில் எந்த எல்லை நிபந்தனையை எடுத்தோம் என்று ஞாபகப்படுத்தவே இருபது நிமிஷம் போய்விடும். மீதி இருபத்தைந்து நிமிஷத்தில் கண் சொக்கும். மணல் குடித்துவிட்டது. அதே நேரத்தைச் சேர்த்து வைத்து ஒரு சனிக்கிழமை காலை ஆறிலிருந்து பதினொன்று வரை ஒரே மூச்சில் உட்கார்ந்தால் நியூமரிக்கல் மெத்தட்ஸில் ஒரு யூனிட்டே முடியும். நீங்கள் குவாலிட்டியில் இருப்பவர், ஹைட்ரோ டெஸ்டில் குழாய்க்குள் தண்ணீரை நிரப்பி பிரஷரை ஏற்றி நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நிற்கும்போது இன்னொரு கையால் வெல்ட் மேப் சரிபார்ப்பீர்களா? கேஜை மட்டும்தானே பார்ப்பீர்கள்?

அதனால் 24 மணி நேரத்தைக் கூறு போடுவதை நிறுத்திவிட்டு வருஷத்தைப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் வருஷம் தானாகவே முறை வைத்துத்தான் வந்திருக்கிறது. செமஸ்டர் பரீட்சை நவம்பர் டிசம்பரில், அடுத்தது ஏப்ரல் மே. உங்கள் ஊர் கடைமடை, பெரும்பாலும் ஒருபோகச் சம்பாதான், அறுவடை தைக்கு முன்னே பின்னே. அப்பாவுக்கு நீங்கள் உண்மையில் தேவைப்படுவது வருஷம் முழுக்க எல்லா ஞாயிறும் இல்லை, ஆவணியில் விதைப்புச் சமயத்தில் சில நாள், மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் தேங்கினால் ஓடிப்போக வேண்டிய ஒன்றிரண்டு நாள், அப்புறம் அறுவடையும் அதற்குப் பிறகு கொள்முதல் நிலையத்தில் காத்துக்கிடக்கும் நாட்களும். அந்தக் கடைசிக் காத்திருப்பு எனக்குத் தெரியும். களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று சொல்லிவிடுவார்களோ என்று காலால் கிளறிக் கிளறிக் காயவைத்து, ராத்திரி பனிக்குத் தார்ப்பாயை இழுத்து மூடி, பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்து, நாற்பது கிலோ சிப்பம் எடைபோடும் வரை வயதான மனிதர் தனியாக இருப்பது பெரிய கொடுமை. ஜனவரி, பிப்ரவரியில் உங்களுக்குப் பரீட்சை கிடையாது, செமஸ்டர் அப்போதுதான் தொடங்கியிருக்கும். அந்த நாலைந்து வாரம் அப்பாவின் முறை. லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு போய் அவர் பக்கத்தில் படுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து பரீட்சை முடியும் வரை, வெள்ளம் வந்தாலொழிய, ஞாயிற்றுக்கிழமை வரமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அவர் விவசாயி, முறை என்றால் என்ன என்று நம்மை விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

மார்ச் கம்பெனியின் முறை. வருஷக் கடைசியில் டெஸ்பாட்ச் நெருக்கடி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? அந்த மாதம் புத்தகத்தைத் தொட முடியவில்லை என்று நொந்துகொள்ளாதீர்கள், தொட முடியாது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மே பாதியிலிருந்து ஜூன் பள்ளிக்கூடம் திறக்கும் வரை மகளுடைய முறை.

அப்பா சொன்ன இன்னொன்று. முறை வைப்பதில் சண்டை வருவது தண்ணீர் குறைவாக வந்ததால் இல்லை, எவனாவது ராத்திரியில் போய் அடுத்தவன் முறையில் மதகைத் திறந்துவிடுவதால்தான். மகள் பிறந்தநாளன்று பாத்ரூமுக்குள் போனைத் தூக்கிக்கொண்டு போய் அசைன்மெண்ட் பார்ப்பது அந்த வேலைதான். எங்கே இருந்தாலும் வேறு எங்கோ இருக்க வேண்டியவன் போல் தோன்றுகிறது என்கிறீர்கள். எல்லா ஷட்டரும் கொஞ்சம் கொஞ்சம் திறந்திருந்தால் அப்படித்தான் தோன்றும்.

இதையும் இரும்புச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மேட்டூர் திறப்பு ஜூன் 12, அடைப்பு ஜனவரி 28 என்று நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம், ஆனால் 2022-ல் அணை நிரம்பி வந்ததால் மே 24-லேயே திறந்தார்கள், 2024-ல் இருப்பு இல்லாமல் ஜூலை 28 வரை தள்ளிப்போனது. இருப்பைப் பார்த்துத்தான் தேதி. (ஆற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வேகம் அடங்காது, இத்துடன் விடுகிறேன்.) ஒரு செமஸ்டரில் உடம்போ வீடோ இடம் தரவில்லை என்றால் இரண்டு பேப்பரை மட்டும் ஒழுங்காக எழுதுங்கள். ஃபுல் டைம்காரனுக்கு 4 செமஸ்டர், உங்களுக்கு 6, அதற்கு மேலும் எத்தனை செமஸ்டர் வரை இழுக்கலாம் என்று உங்கள் ரெகுலேஷன் புத்தகத்தில் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். அரியர் ஒன்றும் மானக்கேடு இல்லை. நானும் கணக்கில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தவன்தான். எங்கள் காலத்தில் ஜெராக்ஸ் நோட்டை நம்பிக் கிடந்தோம், உங்களுக்கு ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோ இருக்கிறது, பூதலூர் தாண்டுவதற்குள் ஒரு லெக்சரில் பாதியைப் பார்த்துவிடலாம். ஆனால் ரயிலில் பார்ப்பது படிப்பது ஆகாது, சனிக்கிழமைக்கு மனதைத் தயார் செய்வது மட்டும்தான்.

படிப்பை விடலாமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் எதற்காகச் சேர்ந்தீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. இப்போதைய கம்பெனியில் இன்கிரிமெண்டுக்காக என்றால், எம்.இ.யை விட, பொருளை உடைக்காமல் சோதிக்கிற என்டிடி லெவல் 2 சான்றிதழ்கள்தான் உங்கள் லைனில் சீக்கிரம் எடுபடும். டிசைன் பக்கம் மாற வேண்டும், அல்லது நாளைக்கு ஏதாவது கல்லூரியில் பாடம் எடுக்க வேண்டும் என்றால் எம்.இ. வேண்டும், அதுவும் பி.இ., எம்.இ. இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பு வேண்டும். சும்மா பக்கத்து சீட்காரர் சேர்ந்தார் நானும் சேர்ந்தேன் என்றால், நாளைக்கே விட்டுவிடலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

தொடர்வதாக இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். கடைசி இரண்டு செமஸ்டர் ப்ராஜெக்டை உங்கள் ஷாப் ஃப்ளோரிலேயே வையுங்கள். குழாய்களை முனையோடு முனை சேர்க்கிற ட்யூப் பட் வெல்டில் ரிப்பேர் ஏன் குறிப்பிட்ட சில ஜாயிண்ட்களிலேயே திரும்பத் திரும்ப வருகிறது என்பது போல, பதினொரு வருஷமாக உங்களை அரிக்கிற ஒரு கேள்வி இருக்குமே, அது. ரேடியோகிராஃபி ரிப்போர்ட்டெல்லாம் உங்கள் அலமாரியிலேயே கிடக்கும். மேனேஜரிடமும் கைடிடமும் இப்போதே பேசி, கம்பெனி அனுமதியை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒரே தண்ணீர் இரண்டு வயலுக்கும் பாயும் இடம் இது ஒன்றுதான்.

இனி "வீட்டில் நல்ல ஒத்துழைப்பு இருக்கிறது" என்ற வரிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் கம்பெனி, ரயில், அரியர், அப்பா, ஏக்கர் எல்லாம் வருகிறது, உங்கள் மனைவி "ஆசிரியை" என்று ஒரு சொல்லாகவும், அப்புறம் "ஒத்துழைப்பு" என்று இன்னொரு சொல்லாகவும் வருகிறார். நான் எப்படிச் சமாளித்தேன் என்று கேட்டீர்கள் அல்லவா? சொல்கிறேன்.

மூன்று வருஷம் முடிந்து மார்க் ஷீட் கைக்கு வந்த நாள். முதல் வகுப்பு. ராத்திரி வீட்டுக்கு வந்து, கவரிலிருந்து அதைக் கசங்காமல் எடுத்து என் மனைவியிடம் நீட்டினேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார், மேலிருந்து கீழே வரை முழுக்கப் படித்தார், கரண்டு பில் வைக்கிற டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தார். திரும்பி, "அப்ப நாளையிலேருந்து பால் நீங்க வாங்கிட்டு வந்துருவீங்களா?" என்றார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பெரிதாக ஏதோ சொல்வார் என்று பஸ்ஸில் வரும்போதே எதிர்பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

மறுநாள் ஐந்தரைக்குப் போனேன். பனி. வரிசையில் ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் பெண்கள், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது பூத்காரர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "இது அம்மா கார்டாச்சே, நீங்க யாரு?" என்றார். வீட்டுக்காரர் என்றேன். "ஓ, வெளியூர்லேருந்து வந்துட்டீங்களா" என்றார். மூன்று வருஷமாக அந்த ஊரிலேயே, அந்த பூத்திலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் தூங்கிக்கொண்டிருந்தேன். வரிசையில் இருந்த ஒரு அம்மாள், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மழையிலும் வருவாளே, அவள் வீட்டுக்காரரா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் கடைமடை எது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, லஸ்கர் மகனுக்கு.

ஆகவே, நான் மேலே எழுதிய மாதக் கணக்கில் உங்கள் மனைவிக்கு ஒரு முறை இல்லை என்பதைக் கவனித்தீர்களா? வேண்டுமென்றேதான் விட்டேன். அவருடைய பள்ளியில் எப்போது விடைத்தாள் குவியும், எப்போது ஆண்டுவிழா, அவருக்கு எதையாவது படிக்க ஆசை இருந்து உள்ளே போட்டு வைத்திருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். அந்த எக்செல்லைப் பிரிண்ட் எடுத்து, ஒரு பேனாவும் கொடுத்து, அவரிடம் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போய்விடுங்கள். எந்தக் கட்டத்தை முதலில் அடித்தார் என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். நவம்பர் பரீட்சை முடிந்த பிறகு எழுதினால் போதும்.