நவம்பரில் ஒரு முறை போய் வாருங்கள்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பிறந்து, படிப்பு முடிந்ததும் பிரான்சுக்கு வந்தவன் நான். இப்போது மனைவி, இரண்டு பிள்ளைகளோடு பாரிசின் புறநகரான சார்செல்லில் வசிக்கிறேன். அப்பா பிரெஞ்சு இராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் காலமான பிறகு அம்மா ஊர் வீட்டில் தனியாக இருக்கிறார். ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் குடும்பத்தோடு போய், வீராம்பட்டினம் தேர் பார்த்து, ஆவணி பிறந்ததும் வரும் ஒன்றிரண்டு கல்யாணங்களையும் முடித்துக்கொண்டு, பள்ளி திறப்பதற்குள் திரும்பிவிடுவோம். நான்கு பேருக்கு ஆகஸ்ட் மாத டிக்கெட் விலை கையைக் கடிக்கிறது. பிள்ளைகளுக்குத் தமிழ் சரளமாக வராததால் அங்கே சலித்துப்போகிறார்கள். இந்த ஆண்டு இத்தாலிக்குப் போகலாம் என்கிறார் மனைவி. அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஏசி, வாஷிங் மெஷின் எல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறேன். கூடத்தில் கேமரா பொருத்தி, இங்கிருந்தே தினமும் பார்த்துக்கொள்கிறேன். இனி ஓராண்டு விட்டு ஓராண்டு போனால் தவறாகுமா? அல்லது அம்மாவை இங்கேயே அழைத்து வந்துவிடலாமா? போன முறை கிளம்பும்போது அம்மா, ‘நீ வந்த மாதிரியே இல்லடா’ என்றார். அது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ந., சார்செல்

அன்புள்ள தம்பி,

உங்கள் அம்மா சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன். பிரான்சில் வாழும் புதுச்சேரிக் குடும்பங்கள் ஊருக்குப் போய்வரும் விதத்தைப் பற்றி வெகுகாலமாக எனக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அதை எழுத வைத்துவிட்டது.

மற்றக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். இத்தாலிக்குத் தாராளமாகப் போங்கள். பிள்ளைகள் ரோமாபுரியைப் பார்ப்பது பாட்டிக்குச் செய்யும் துரோகமாகாது. அவர்களுடைய தமிழைப் பற்றியும் இப்போது கவலைப்பட வேண்டாம். உறவினர் நடுவே நிறுத்தி ‘தமிழில் பேசு’ என்று சொல்லி எந்தப் பிள்ளைக்கும் தமிழ் வந்ததில்லை. அம்மாவை அழைத்து வருவது குறித்து உங்கள் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். அதையும் அவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கு இடம் வைத்துக் கேட்க வேண்டும். குளிர்காலத்தில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில், வாசலில் இறங்கினால் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாத ஓர் அடுக்குமாடி வீட்டில், நீங்கள் இருவரும் வேலைக்கும் பிள்ளைகள் பள்ளிக்கும் போன பிறகு அவர் யாரோடு இருப்பார் என்பதை யோசித்துவிட்டுக் கேளுங்கள்.

ஆனால் அந்தக் கேமராவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதை என்னால் அப்படிக் கடந்து போக முடியவில்லை. பெற்ற தாயைக் கண்காணிப்புக் கருவியில் பார்ப்பதைப் பார்த்துக்கொள்வது என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அந்தக் கருவி காட்டுவது கூடத்தை மட்டுமே. அம்மா இரவில் எழுந்து குளியலறைக்குப் போகும் வழியை அது காட்டாது. இன்றைக்குச் சமைத்தாரா, நேற்று வைத்த சோற்றில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டாரா என்பதையும் காட்டாது. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்த நாள் முதல் அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டுதான் கூடத்துக்கு வருவார். சொந்த வீட்டில் கால் நீட்டி உட்காரும் உரிமையை அவரிடமிருந்து பறித்திருக்கிறீர்கள். உடனே ஆளனுப்பி அதைக் கழற்றுங்கள்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். நீங்கள் ஒவ்வோர் ஆண்டும் பார்த்துவிட்டு வருவது ஆகஸ்ட் மாதத்து அம்மாவை. ஆண்டின் மற்றப் பதினொரு மாதங்களில் அந்த வீட்டில் வாழும் பெண்ணை நீங்கள் சந்தித்தே பல காலம் ஆகியிருக்கும். பிரான்சிலிருந்து பிள்ளை வருகிறான் என்றால் ஒரு மாதம் முன்பாகவே வீடு வேறு வீடாகிவிடுகிறது. சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், மாடி அறையைத் திறந்து மெத்தைகளை வெயிலில் போடுகிறார்கள், பேரப்பிள்ளைகளுக்காக மேசை நாற்காலிகளைத் துடைத்து வைக்கிறார்கள். வந்திறங்கிய மறுநாளே உறவினர் வரத் தொடங்குகிறார்கள். பிறகு நீங்கள் அவர்கள் வீடுகளுக்குப் போகத் தொடங்குகிறீர்கள். ஆடி ஐந்தாம் வெள்ளியில் தேர். ஆவணி பிறந்ததும், பிரான்சுப் பள்ளிகள் செப்டம்பர் தொடக்கத்தில் திறக்குமுன் முடித்துவிட வேண்டும் என்று நம்மவர் அவசரமாக வைக்கும் கல்யாணங்கள், காது குத்துகள். இதற்கிடையில் உங்கள் அம்மா சமையற்கட்டுக்கும் கூடத்துக்கும் நடந்தபடியே இருக்கிறார். நீங்கள் கிளம்பும் நாளில், இவன் வந்தானே, இவனோடு எப்போது பேசினோம் என்று நினைத்துப் பார்த்திருப்பார். அவருக்கு அப்படி ஒரு நேரம் அகப்பட்டிருக்காது. அவர் சொன்னதில் குறையோ குத்தலோ இல்லை, தம்பி. நடந்ததை நடந்தபடி சொல்லியிருக்கிறார்.

ஓய்வு பெறும்வரை பாரிசின் புறநகரில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் உதவியாளராக வேலை பார்த்தேன். அங்கே ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களுக்கு வேலை இரட்டிப்பாக இருக்கும். பிற்பகலில் பிள்ளைகள் வருவார்கள் என்பதால் மூதாட்டிகள் நல்ல உடை கேட்பார்கள், கழுத்துமணி கேட்பார்கள், தலை வாரச் சொல்வார்கள். பிள்ளைகளும் அன்போடுதான் வருவார்கள், பூ வாங்கி வருவார்கள், ‘அம்மா நன்றாக இருக்கிறாள்’ என்று எங்களிடம் நிம்மதியாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். செவ்வாய்க்கிழமை அதே அம்மா அரைத்தட்டு சூப்பைக்கூடத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது எங்களுக்கு மட்டுமே தெரியும். இருபது கிலோமீட்டர் தொலைவில் இருந்த பிள்ளைகளுக்கே செவ்வாய்க்கிழமை தெரியவில்லை என்றால், 8,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் உங்களுக்கு எப்படித் தெரியும்?

2003 ஆகஸ்டை நான் மறக்க மாட்டேன். இரண்டு வாரம் அடித்த வெப்பத்தில் பிரான்சு முழுவதும் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நாடே வக்கான்ஸில், அதாவது கோடை விடுமுறையில், இருந்த மாதம் அது. பாரிசில் இறந்தவர்களில் 57 பேரின் உடல்களைக் கேட்டு யாருமே வரவில்லை. செப்டம்பர் 3ஆம் தேதி பாரிசுக்கு அருகே உள்ள தியே கல்லறைத் தோட்டத்தில் அவர்களை அடக்கம் செய்தபோது, குடியரசுத் தலைவர் ஷிராக் வந்து நின்றார். முதியவர்களுக்கான நிதிக்காக நீங்கள் ஆண்டுதோறும் தனிச் சம்பளமில்லாமல் ஒரு நாள் உழைக்கிறீர்களே, அந்த ஏற்பாடு இதற்குப் பிறகு, 2004இல் வந்ததுதான். அப்போது நம்மவர் பலர் ‘வெள்ளைக்காரர்களுக்குப் பாசம் கிடையாது’ என்று பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளும் பாசம் உள்ளவர்கள்தான். ஆண்டில் எந்த மாதம் தங்களுக்கு வசதியோ அந்த மாதத்தை வைத்துப் பெற்றோரின் வாழ்க்கையை அவர்கள் கணக்கிட்டுவிட்டார்கள். நாமும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறோம்.

என் அம்மா உயிரோடு இருந்தபோது, வீட்டுப் பத்திர வேலையாக ஒரு நவம்பரில் தனியாகப் புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது. இரண்டு நாள் முன்புதான் தகவல் சொல்லியிருந்தேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மாடிப்படி முடியும் இடத்தில் ஒழுகும் தண்ணீருக்கு ஒரு குண்டானையும், அது நிறைந்தால் மாற்ற ஒரு பிளாஸ்டிக் வாளியையும் வைத்திருந்தாள். முழங்கால் வலியால் மாடிக்குப் போவதையே விட்டுவிட்டு, அடுக்களையை ஒட்டிய நடையில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் வரும் ஆகஸ்டில் மட்டும் மாடியேறி எங்களுக்கு அறை ஒழித்துத் தந்திருக்கிறாள். நான் எப்போதோ கொண்டுபோன சாக்லேட் டப்பாவில் மாத்திரைகள் இருந்தன. எழுத்துப் படிக்கக் கண் தெரியாததால், நான் விட்டுப்போன ஸ்டிக்கர் பொட்டுகளை எடுத்து, காலை மாத்திரை அட்டையில் சிவப்புப் பொட்டும் இரவு மாத்திரை அட்டையில் கறுப்புப் பொட்டும் ஒட்டி வைத்திருந்தாள். அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தேன். என் அம்மா இவ்வளவு கெட்டிக்காரி என்பதும், இவ்வளவு தனியாக இருந்தாள் என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்தன.

முதல் சில நாள் அவளுக்கு என்னை என்ன செய்வதென்று தெரியவில்லை. ‘சொல்லியிருந்தால் இறால் வாங்கி வைத்திருப்பேனே’ என்று திரும்பத் திரும்ப வருந்தினாள். வாசலுக்கு வரும் கீரைக்காரியிடம் தினமும் பத்து நிமிடம் பேசுகிறவள், என்னிடம் பேச விஷயம் தேடினாள். பிறகு ஒரு நாள் காலையில், ‘ஈரத் துண்டைக் கட்டில் மேல போடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது’ என்று என்னைத் திட்டினாள். அந்த நேரத்தில்தான் நான் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன் என்று சொல்வேன். அன்று மாலை நார்த்தங்காயைத் தொட்டுக்கொண்டு தயிர்ச்சோறு சாப்பிட்டபடி, முந்தின மழைக்காலத்தில் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததையும், எதிர்வீட்டுப் பெண் தைலம் தேய்த்துவிட்டதையும் சொன்னாள். ‘நீங்க எல்லாரும் வந்திருக்கும்போது இதையா பேசறது’ என்பதுதான் ஆகஸ்டில் அதைச் சொல்லாததற்கு அவள் தந்த காரணம்.

ஆகையால் நவம்பரில் போங்கள், தம்பி. தனியாகப் போங்கள். வடகிழக்குப் பருவமழையில்தான் புதுச்சேரியின் வீடுகள் தங்கள் நிலையைக் காட்டும். நூற்றாண்டைக் கடந்து கடற்கரையில் நின்ற, மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடமே 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அன்றிரவு உங்கள் அம்மா எந்த அறையில் இருந்தார், மின்சாரம் எப்போது வந்தது, குடிதண்ணீருக்கு என்ன செய்தார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் தொலைபேசியில் கேட்காதீர்கள். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்றுதான் சொல்வார்.

தொலைபேசியும் அந்த மாதங்களில் சுருங்கிவிடுகிறது. கோடையில் நமக்கும் ஊருக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளி வைத்ததும் அது நாலரை மணி நேரமாகிவிடுகிறது. நீங்கள் வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பினால் அங்கே பதினொன்றரை. மழையும் இருட்டும் கூடுகிற காலத்தில் பேச்சு வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைகிறது. அந்த மாதங்களில்தான் நம்மில் ஒருவரும் ஊருக்குப் போவதில்லை.

விடுப்பு கிடைக்காது என்று எழுதிவிடாதீர்கள். பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது. ஆண்டு விடுப்பின் முதல் நான்கு வாரமான முதன்மை விடுப்பின் ஒரு பகுதியை மே 1 முதல் அக்டோபர் 31 வரையிலான காலத்துக்கு வெளியே எடுத்துக்கொள்பவருக்கு, ஐந்தாவது வாரத்தைக் கணக்கில் சேர்க்காமல், அப்படி எடுத்தது 6 நாளோ அதற்கு மேலோ இருந்தால் 2 நாளும், 3 முதல் 5 நாள் வரை இருந்தால் 1 நாளும் கூடுதலாகக் கிடைக்கும். நிறுவன ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் 24 வேலை நாளுக்கு மேல் விடுப்பு எடுக்க முடியாது என்ற வரம்பையும், தொலைதூரத்தில் குடும்பம் உள்ளவர்களுக்காக முதலாளி தளர்த்தலாம். பள்ளி நாட்களில் பிள்ளைகளை நிறுத்தி அழைத்துப்போக வேண்டாம். அவர்களும் மனைவியும் இங்கே இருக்கட்டும். நான்கு டிக்கெட்டுக்குப் பதிலாக ஒரே டிக்கெட், அதுவும் கூட்டமில்லாத மாதத்தில். இத்தாலிக்கும் பணம் மிஞ்சும்.

வருகையை உறவினருக்குச் சொல்ல வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டி நிறையச் சாமான் கொண்டுபோகாதீர்கள். முதல் சில நாள் இருவருக்கும் சங்கடமாகவே இருக்கும். அதற்குப் பயந்து நண்பர்களைப் பார்க்க ஓடிவிடாமல் வீட்டிலேயே இருங்கள். அவர் மருந்துக் கடைக்குப் போனால் கூடப் போங்கள், மாலையில் அவர் பார்க்கும் தொடரைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், ரேஷன் கடைக்காரரும் பால்காரரும் அவரை என்ன சொல்லி அழைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

மழை விட்ட நேரத்தில் ஒரு கொத்தனாரை அழைத்து மொட்டை மாடித் தளத்தைக் காட்டுங்கள். ஈரத்தில் ஒட்டுப் போட மாட்டார்கள். எங்கே ஒழுகுகிறது என்று அடையாளம் வைத்து, தை மாதத்தில் வேலையைத் தொடங்கச் சொல்லி, முன்பணத்தை அம்மா கையிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்.