தாய்லாந்தில் வாழும் பொழுதுபோக்குப் புகைப்படக்காரர் ஒருவரின் பார்வையில் தாய் மக்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது?

கேள்வி கேட்டவர் அதன் விளக்கத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறார். தெருவில் படம் எடுப்பதற்குத் தாய் மக்கள் இடம் கொடுக்கிறார்களா என்பது ஒன்று. சுற்றுலாப் பயணியின் கண்ணுக்குத் தப்பும் எதுவும் அங்கேயே குடியிருப்பவரின் கேமராவில் சிக்குகிறதா என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில் சுலபம்: இடம் கொடுக்கிறார்கள், பெரும்பாலும் சிரித்த முகத்தோடு. இரண்டாவதற்குத்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

நான் பாங்காக்கில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். புகைப்படம் எனக்குத் தொழில் அன்று. விடுமுறை நாள்களின் காலை வேளைகளில் 35 மி.மீ. லென்ஸ் மாட்டிய சிறிய கேமரா ஒன்றுடன் சந்துகளில் சுற்றுபவன், அவ்வளவுதான். அந்த லென்ஸை வைத்துக்கொண்டு ஆள்களை நெருங்காமல் படம் எடுக்க முடியாது என்பதால், எங்கே நிற்கிறோம், எந்த உயரத்திலிருந்து பார்க்கிறோம் என்ற எண்ணம் எப்போதும் கூடவே இருக்கும். அதனாலேயோ என்னவோ, இந்தச் சமூகத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது: தாய் மக்களின் அன்றாட வாழ்க்கை உயரக் கணக்கின் மேல் நடக்கிறது. யாருடைய தலை எவருடைய தலைக்கு மேலே இருக்கலாம், யாருடைய கால் எதை நோக்கி நீளக்கூடாது, எந்தப் படத்தின் கீழே எந்தப் படம் மாட்டப்பட வேண்டும் என்பதெல்லாம் யாரும் சொல்லித்தராமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

பழைய வாகன உதிரிப்பாகங்களை மலைபோல் குவித்து வைத்திருக்கும் தாலாட் நோய் பகுதியில், நடைபாதையை ஒட்டிய நூடுல்ஸ் கடை ஒன்றில் நான் அடிக்கடி உட்கார்வது உண்டு. அங்கே பரிமாறும் இளம்பெண் கொதிக்கும் கிண்ணங்களைத் தட்டில் ஏந்தி வருவாள். பேசிக்கொண்டிருக்கும் இரண்டு முதியவர்களுக்கு நடுவே அவள் கடக்க நேர்ந்தால், தட்டு சிறிதும் சாயாமல், தோள்களைக் குறுக்கி, முழங்காலை மடக்கி, அவர்களுடைய தலைமட்டத்துக்குக் கீழே தன் தலை இருக்கும்படி நழுவிச் செல்வாள். அந்த முதியவர்கள் அவளைப் பார்ப்பதுகூட இல்லை. அவளும் அதை மரியாதை என்று நினைத்துச் செய்வதாகத் தெரியவில்லை. அதே கடைச் சுவரில் எல்லாவற்றுக்கும் மேலே புத்தர், அதற்குக் கீழே மன்னர், அதற்கும் கீழே காலமான தாத்தா பாட்டி, கடைசியாக அரச குடும்பத்தவரின் கையால் மகன் பட்டம் வாங்கும் படம் என்ற வரிசை மாறாமல் இருக்கிறது. புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இது அந்நியமானதல்ல. ஆனால் நம்மிடம் எச்சமாக இருப்பது இவர்களிடம் முழு இலக்கணமாக இருக்கிறது.

கட்டடங்களின் முன்பாக ஒற்றைத் தூணின் மேல் நிற்கும் சிறிய பூமி தெய்வ வீடுகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நிலத்தின் உண்மையான உரிமையாளருக்கு மனிதர்கள் கட்டிக்கொடுக்கும் வீடு அது. பெரிய கட்டடத்தின் நிழல் அதன் மேல் விழக்கூடாது என்பது மரபு. வானளாவிய கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கும் பாங்காக்கில் நிழல் விழாத மூலையைக் கண்டுபிடிப்பது கட்டடக் கலைஞருக்கு உண்மையிலேயே தலைவலியாகத்தான் இருக்கும். படையலாகச் சிவப்பு ஃபான்டா பாட்டிலைத் திறந்து, மறக்காமல் உறிஞ்சுகுழலும் போட்டு வைப்பார்கள். காலை வெயில் அந்தச் சிவப்பின் ஊடே பாயும்போது படம் எடுக்காமல் கடப்பது எனக்கு இன்றும் கடினம்.

இந்த உயரக் கணக்கு மிகத் துல்லியமாகத் தெரியும் இடம், இளைஞர்கள் சிறிது காலத்துக்குப் பிக்குவாகும் துறவேற்புச் சடங்கு. ஜூலை மாதவாக்கில் தொடங்கும் மழைக்கால நோன்புக்கு முந்தைய வாரங்களில், ஊர்ப்புற விகாரைகளில் இதை நிறையவே பார்க்கலாம். தலைமுடியோடு புருவத்தையும் மழித்து, வெள்ளை உடை அணிந்த இளைஞனை நண்பர்கள் தோளில் தூக்கிக்கொள்கிறார்கள். பல ஊர்களில் அவனுடைய கால் மண்ணில் படக்கூடாது. மேலே பெரிய குடை, முன்னே நீண்ட மேளமும் ஒலிபெருக்கி கட்டிய வண்டியும், பின்னே ஆடிக்கொண்டே வரும் அத்தைமார்கள் என்று ஊர்வலம் விகாரையின் முதன்மை மண்டபத்தை மூன்று முறை சுற்றுகிறது. வாசலில் அவன் வண்ண நாடாக்களில் சுற்றிய நாணயங்களை வாரி இறைக்கிறான். பெரியவர்கள்கூட அவற்றுக்காகக் குனிந்து தேடுவார்கள், செலவழிக்க அல்ல, அதிர்ஷ்டத்துக்காகப் பணப்பையில் பத்திரப்படுத்த. உள்ளே சடங்கு முடிந்து காவி உடுத்தி அவன் மேடையில் அமர்ந்ததும், காலையில் கண்ணீரோடு அவன் முடியின் முதல் கற்றையை வெட்டிய தாய், அவனுக்கு எதிரே தரையில் விழுந்து வணங்குகிறாள். பிக்குவாகிவிட்டதால், பெண்ணான அவள் கொடுக்கும் பொருளை அவன் நேராகக் கையில் வாங்க முடியாது. ஒரு துணியை விரித்து அதன் ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறான். அவள் அந்தத் துணியின் மேல் பொருளை வைக்கிறாள். அவன் இரண்டே வாரத்தில் காவியைக் களைந்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடக்கூடும். ஆனால் அந்த இரண்டு வாரமும் அவன் இருக்கும் உயரம் வேறு. இதைப் படமெடுப்பவரும் தரையில் மண்டியிட்டுத்தான் எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால்தான் தாயின் முகம் நன்றாகத் தெரியும் என்பது கூடுதல் லாபம்.

சாவு வீட்டில் கேமராவுக்கு இருக்கும் இடம்தான் எனக்கு ஆரம்பத்தில் பெரிய வியப்பாக இருந்தது. விகாரை மண்டபத்தில் சவப்பெட்டியை வைத்துப் பல இரவுகள் பிக்குகள் ஓதுவார்கள். உயர்ந்த மேடையில் வரிசையாக அமர்ந்து, முகத்தை மறைக்கும் நீண்ட கைப்பிடி விசிறிகளைப் பிடித்துக்கொண்டு ஓதுவார்கள். கறுப்பு உடையில் வந்திருப்பவர்களுக்குச் சிற்றுண்டியும் கஞ்சியும் பரிமாறப்படும். ஓதல் முடிந்ததும், பூ அலங்காரத்துக்கும் இறந்தவரின் படத்துக்கும் முன்னால் குடும்பத்தார், அலுவலக நண்பர்கள், பள்ளித் தோழர்கள் என்று குழு குழுவாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். என் கையில் கேமரா இருப்பது தெரிந்தால், கூச்சத்தோடு ஓரமாக நிற்கும் என்னை அவர்களே முன்னுக்கு அழைப்பார்கள். நம் ஊரிலும் ஒரு காலத்தில் இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்துக் குடும்பத்தோடு படமெடுத்த வழக்கம் இருந்ததை நினைத்துக்கொள்வேன். தகனத்தன்று வருபவர்களுக்கு, இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பும் படங்களும் அடங்கிய நினைவுப் புத்தகம் தருவதும் இங்கே பழைய வழக்கம். சிலவற்றில் அவருடைய சமையல் குறிப்புகள்கூட அச்சாகியிருக்கும்.

கேமராவைக் கண்டு மக்கள் மிரளாததற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று நினைக்கிறேன். 1946 முதல் 2016 வரை அரியணையில் இருந்த பூமிபோன் மன்னர் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டபடி நாட்டுப்புறங்களைச் சுற்றியவர். அந்தக் கோலத்தில் அவருடைய படம் வீடுகளிலும் கடைகளிலும் இன்றும் தொங்குகிறது. 1000 பாட் நோட்டு ஒன்றிலும் அப்படித்தான் இருந்தார். கேமரா ஏந்திய ஆள் வேவு பார்ப்பவர் என்ற எண்ணம் அப்படி ஒரு நாட்டில் எளிதில் வேர்விடாது. சட்டமும் பெரிதாகத் தடுப்பதில்லை. 2022 ஜூன் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கும் படங்களுக்கு விலக்கு அளிக்கிறது. இருந்தாலும் கேட்டுவிட்டு எடுப்பதே என் வழக்கம். கேட்பதற்கு முன் எதிரில் இருப்பவர் என்னைவிட மூத்தவரா இளையவரா என்று கணித்தாக வேண்டும், ஏனென்றால் மூத்தவரைப் 'பீ' என்றும் இளையவரை 'நோங்' என்றும் முறை சொல்லாமல் இங்கே பேச்சே தொடங்காது. அந்த வகையில் அக்கா, தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய தமிழருக்கு, முதல் பெயரைச் சொல்லி அழைத்துப் பழகிய ஐரோப்பியரைவிட இங்கே பாதி வேலை குறைவு.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, எவ்வளவு பணிவான மக்கள் என்று நீங்கள் வியக்கக்கூடும். வெளிநாட்டவர் பலர் எழுதுவதும் அதைத்தான். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பணிவு என்பது கீழே இருப்பவர் செலுத்தும் கட்டணம். மேலே இருப்பவர் அதைப் பெற்றுக்கொள்கிறார். நான் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இருபத்தைந்து வயதுக்காரர் ஓட்டிவரும் காருக்கு அவர் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக சல்யூட் அடிக்கிறார். வயதுக்கு முதலிடம் தரும் சமூகம் என்ற பேச்சு அந்த வாகன நுழைவாயிலில் நின்றுவிடுகிறது. வயதுக்கும் மேலே பணம் உட்கார்ந்திருக்கிறது. நகரத்தின் கனமான வேலைகளைச் செய்பவர்களில் பெரும் பகுதியினர் வடகிழக்கிலுள்ள ஈசான் பகுதியிலிருந்து வந்தவர்கள். ஏப்ரல் நடுவில் சோங்கிரான் புத்தாண்டுக்கு அவர்கள் ஊருக்குப் போய்விட்டால் பாங்காக்கின் தெருவோரக் கடைகளில் பாதி மூடிக் கிடக்கும். சந்து முனைகளில் எண் பொறித்த ஆரஞ்சு மேலங்கியோடு காத்திருக்கும் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரர்களில் பலரும் அவர்களே. மதிய வெயிலில் வண்டியின் மேலேயே மல்லாந்து, கைப்பிடியில் கால் போட்டுத் தூங்குவார்கள். கால் எதை நோக்கி நீளுகிறது என்ற கணக்கெல்லாம் அசதிக்கு முன்னால் நிற்பதில்லை.

இந்த அடுக்கை உள்ளிருந்தே கேள்வி கேட்டவர்களும் உண்டு. அரசர் முன் தரையில் விழுந்து வணங்கும் வழக்கத்தை 1873-இல் ஒழித்தவர் ஐந்தாம் ராமர் எனப்படும் சுலலோங்கோன் மன்னர். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்த வழக்கம் திரும்பி வந்தது. அவர் பெயரிலேயே அமைந்த பல்கலைக்கழகத்தில் புதிய மாணவர்கள் அவருடைய சிலைக்கு முன்னாலேயே விழுந்து வணங்கினார்கள், மாணவர் சிலர் அதை மறுக்கவும் செய்தார்கள். 2020-இல் எதிர்ப்பின் அடையாளமாக மூன்று விரலை உயர்த்தித் தெருவுக்கு வந்த இளைஞர்களின் கோரிக்கைகளில் அரசாட்சிச் சீர்திருத்தமும் இருந்தது. குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவு அரச குடும்ப அவமதிப்புக்கு 3 முதல் 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், அவர்கள் எதைப் பணயம் வைத்தார்கள் என்பது புரியும். வேலை விசாவில் இருக்கும் நான் அந்தக் கூட்டங்களைப் படம் எடுக்கப் போகவில்லை. அரச வாகன அணி கடக்கும் நேரத்தில் நடைமேம்பாலங்களில் நிற்பவர்களைக் காவலர்கள் கீழே இறக்கிவிடும்போதும் கேமரா என் பைக்குள்தான் இருக்கும்.

உயர வேறுபாடு கொஞ்ச நேரமாவது மறையும் இடமாக நான் கண்டது சேன் சேப் கால்வாய்ப் படகு. 1990 முதல் நகரின் குறுக்கே சுமார் 18 கிலோமீட்டர் ஓடும் அந்தச் சேவையில், எதிரே படகு வந்தால் அழுக்கு நீர் தெறிக்காமலிருக்க ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும்; வங்கி அதிகாரியானாலும் துப்புரவுப் பணியாளரானாலும் அது அவர் பொறுப்பு. தலைக்கவசம் அணிந்த நடத்துநர்கள் படகின் விளிம்பில் நடந்தே சீட்டுக் கொடுப்பார்கள். தாழ்வான பாலம் வரும்போது கூரையையே இறக்கிவிடுவார்கள். எல்லாத் தலைகளும் ஒன்றாகக் குனியும். அதேபோல் மாலை 6 மணிக்கு லும்பினி பூங்காவில் தேசிய கீதம் ஒலித்ததும் ஓடிக்கொண்டிருப்பவர்கள் அனைவரும் அந்தந்த இடத்திலேயே நின்றுவிடுவார்கள். கேமரா பழகுபவர்களுக்கு ஒரு குறிப்பு: கால் நொடி ஷட்டரில்கூட மனிதர்கள் ஆடாமல் விழும் கூட்டப் படம் அப்போது கிடைக்கும். ஆனால் கீதம் முடியும் வரை நீங்களும் அசையக்கூடாது என்பதால், முக்காலியை முன்கூட்டியே நிறுத்தி ரிமோட்டைக் கையில் வைத்திருங்கள்.

தமிழர் என்ற முறையில் சீலோம் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே குடியேறிய தமிழர்கள் எழுப்பிய அந்தக் கோயிலில், இன்று நம்மைவிடத் தாய் மக்கள்தான் அதிகம். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. நவராத்திரி முடிவில் அம்மன் ஊர்வலம் வரும் இரவில், தெரு நெடுகத் தாய் குடும்பத்தினரே பூக்களாலும் பழங்களாலும் படையல் மேசை அமைத்துக் காத்திருப்பார்கள். அதைத் தாராளமாக எடுக்கலாம்.

வருவதாக இருந்தால் நவம்பர் இறுதியிலோ டிசம்பரிலோ வாருங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை காற்றில் நுண்துகள் மிகுந்து வானம் வெளுத்துக் கிடக்கும். செப்டம்பர், அக்டோபரில் மழை விடாது. பாக் க்லோங் பூச்சந்தைக்கு மட்டும் பருவம் பார்க்க வேண்டியதில்லை, இரவு முழுவதும் குழல்விளக்கு வெளிச்சத்திலேயே வியாபாரம் நடக்கும். பெரிய ஜூம் லென்ஸை வீட்டில் வைத்துவிடுங்கள். நாடா கட்டும் ஷூவும் வேண்டாம். விகாரை, வீடு, சில கடைகள் என்று வாசலுக்கு வாசல் கழற்ற வேண்டியிருக்கும்.