பின்பலகை அசையும் ஃபைபர் படகை வாங்கலாமா?
18 அடி ஃபைபர் படகு, பழைய 40 குதிரைத்திறன் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்). எஞ்சினைத் தூக்கி அமுக்கினால், அதைத் தாங்கும் பின்பலகை லேசாக அசைகிறது என்கிறீர்கள். முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் பிளைவுட் இற்றுப்போயிருக்கும். பெரும்பாலும் எஞ்சினை மாட்டும் போல்ட் ஓட்டை வழியாக இறங்கும் தண்ணீர்தான் காரணம். சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும், இற்ற இடம் மந்தமாகக் கேட்கும். கீழ் போல்ட்டைக் கழற்றும்போது ஈர மரத்தூள் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

மேலே ஃபைபர் பூசி மறைப்பது வீண் செலவு, கடலில் ஆபத்தும்கூட. உள்பக்க ஃபைபரை வெட்டி, இற்ற மரம் முழுவதையும் எடுத்து, நன்றாகக் காயவிடுங்கள். பழைய தடிமனை அளந்து அதற்கேற்ப மரைன் பிளை எனும் படகுக்கான பிளைவுட்டை (வழக்கமாக 18 மி.மீ. பலகை இரண்டு) எபாக்ஸி பசையால் ஒட்டுங்கள், பாலியஸ்டர் ரெசின் மரத்தில் அவ்வளவு பிடிக்காது. போல்ட் ஓட்டைகளைப் பெரிதாகத் துளைத்து, எபாக்ஸி நிரப்பி, இறுகியபின் நடுவில் துளையிடுங்கள். இதை விட்டால் புதுப் பலகையும் இற்றுவிடும்.

எஞ்சினில் சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. கியர் ஆயில் வெளுத்திருந்தால், தண்ணீரைத் தடுக்கும் சீல் போய்விட்டது. எஞ்சினைக் குளிர்விக்கத் தண்ணீர் இறைக்கும் இம்பெல்லரை எப்படியும் மாற்றுங்கள். பலகைச் செலவை விலையில் கழிக்க விற்பவர் மறுத்தால் வேறு படகு பாருங்கள்.